பெட்ரோல் போன வழி

1. கேட்டுக்கு வெளியே

ராஜமாணிக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறந்தது. எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வரும் மனிதர், அன்று கசங்கிய கட்டம் போட்ட சட்டையில், பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

காலை டூட்டிக்கு வந்த நான் சைக்கிளை விட்டு இறங்கி, "என்னண்ணே இது?" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் முந்திக்கொண்டான். "மேனேஜர் ஆர்டருங்க. இவரை உள்ள விடக்கூடாதுன்னுட்டாரு."

"ஏன்?"

"திருடனை எல்லாம் உள்ள விட்டா ஸ்பேர் பார்ட்ஸ் காணாமப் போகுமாம்."

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். இன்று உட்கார்ந்து எழுதும்போதும் அந்தக் குனிந்த தலை நினைவுக்கு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தென்னூரில் அப்போது நான் வேலை பார்த்த அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அது மூடிப் பல வருஷம் ஆகிறது. நான் அங்கே டியூனிங் மெக்கானிக். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைமிங், மைலேஜ் என்று வருகிற கம்ப்ளெயிண்ட் எல்லாம் என் பெஞ்சுக்கு வரும். ராஜமாணிக்கம், நடேசன் என்ற ரைஸ் மில் முதலாளியின் டிரைவர். முதலாளிக்கு வீடு தென்னூரில், மில் மண்ணச்சநல்லூரில். தினமும் காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் தாண்டிப் போய்த் திரும்பும் அந்தக் கறுப்பு அம்பாசிடரை ராஜமாணிக்கம் தன் வீட்டுப் பிள்ளையைப்போல வைத்திருந்தார். ஒரு சின்ன சத்தம் வந்தாலும் எங்களிடம் கொண்டுவந்துவிடுவார்.

எதிரே இருந்த டீக்கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டீயை வாயில் வைத்தவர், உதடு எரிந்ததால் கீழே வைத்துவிட்டார்.

"பெட்ரோல் திருடுறேனாம் தம்பி," என்றார். "ரெண்டு மாசமா வண்டி பெட்ரோலா குடிக்குது. லிட்டருக்கு ஒம்பது குடுத்த வண்டி ஆறுகூட குடுக்கல. அதை முதலாளிகிட்ட முதல்ல சொன்னதே நான்தான். திருடுறவன் அவனாவே போய்ச் சொல்லுவானா?"

"அப்புறம்?"

"ஒங்க ஒர்க்‌ஷாப்புலதான் டெஸ்ட் பண்ணாங்க. நீங்க அன்னைக்கு முசிறிப் பக்கம் பிரேக்டவுனுக்குப் போயிருந்தீங்க. மேனேஜரே ஓட்டினாரு. முதலாளி பக்கத்துல உக்காந்திருந்தாரு. பாட்டில் டெஸ்ட்ல சுளையா ஒம்பது வந்துச்சு. 'வண்டியில ஒண்ணும் இல்ல சார், பெட்ரோல் எங்க போகுதுன்னு நீங்கதான் பாக்கணும்'னு என்னைப் பாத்துக்கிட்டே சொன்னாரு ஒங்க மேனேஜர்."

மறுநாள் மில் வாசலில் நடந்ததை அவர் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. லோடுமேன்கள், லாரிக்காரர்கள், நெல் கொண்டுவந்த சம்சாரிகள் எல்லோரும் பார்க்க, நடேசன் அவருடைய காலரைப் பிடித்து இழுத்துச் சட்டையை மோந்து பார்த்திருக்கிறார். பெட்ரோல் வாடை அடித்திருக்கிறது. "டேங்க்லேர்ந்து டியூப் போட்டு உறிஞ்சி வித்திருக்கான் திருட்டுப் பய" என்று கத்தியிருக்கிறார். அங்கிருந்து ஸ்டேஷன். முதலாளிக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர். கேஸ் என்று ஒன்றும் எழுதவில்லை. ஒரு பகல் முழுக்க வைத்து அடித்துவிட்டு, அவருடைய டிரைவிங் லைசென்சை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

"கேஸ் போட்டாலாச்சும் கோர்ட்டுல சொல்லலாம். இப்ப லைசென்ஸ் இல்லாம எவன் எனக்கு வண்டி குடுப்பான்?" என்றார் ராஜமாணிக்கம். "சவரி தம்பி, வண்டியில என்னமோ இருக்கு. நான் எடுக்கல. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

2. பாட்டில் பார்க்காத இடம்

இந்த இடத்தில் பாட்டில் டெஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலை பாட்டிலில் ஊற்றி உயரமாகக் கட்டி, ரப்பர் டியூப் வழியாக நேரே கார்புரேட்டருக்குக் கொடுப்போம். அந்த ஒரு லிட்டர் தீர்கிற வரை ஓட்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்போம். அன்றைக்கு மைலேஜ் தகராறு வந்தால் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதுதான் கடைசித் தீர்ப்பு.

டீக்கடையில் ராஜமாணிக்கத்திடம் நான் கேட்ட முதல் கேள்வி, மைலேஜ் விழுவதற்கு முன்னால் வண்டியில் ஏதாவது வேலை நடந்ததா என்பது.

"பெட்ரோல் பம்புக்கு அடியில சொட்டிச்சு தம்பி. நான்தான் பாத்து ஒங்க ஒர்க்‌ஷாப்புல விட்டேன். டயாபிரம் மாத்திட்டோம்னாங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூட வெளிய வரல."

"இன்ஜின் ஆயில் எப்படி இருக்கு?"

அந்த நிலையிலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "அது மட்டும் குறையவே இல்ல. முன்னாடி வாராவாரம் கொஞ்சம் ஊத்துவேன். இப்ப ஊத்துறதே இல்ல. டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாத்தா ஏறின மாதிரிகூட இருக்கு."

நான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய இன்ஜினில் ஆயில் குறைந்துகொண்டுதான் இருக்கும். குறையாமல் ஏறுகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று உள்ளே போகிறது. தண்ணீர் போனால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிடும். அதை ராஜமாணிக்கம் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். மிச்சம் இருப்பது பெட்ரோல்தான்.

அந்தக் காலத்து பெட்ரோல் பம்பு இன்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். உள்ளே டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் துணி. மேலே பெட்ரோல், கீழே இன்ஜின் ஆயில், நடுவில் இது ஒன்றுதான் தடுப்பு. டயாபிரம் கிழிந்தால் டிரைவருக்குத் தெரியட்டும் என்றே பம்பின் வயிற்றில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். கிழிந்ததும் அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டும். ராஜமாணிக்கம் பார்த்தது அதைத்தான். டயாபிரத்தை மாற்றாமல் அந்தத் துளையை மட்டும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கம் இறங்கி ஆயிலோடு சேரும். இன்ஜின் சூடேறியதும் பெரும்பகுதி ஆவியாகி பிரீதர் குழாய் வழியே போய்விடும். மிச்சம் ஆயிலில் நிற்கும். பானெட்டைத் திறக்கிறவன் சட்டையில் பெட்ரோல் வாடை ஒட்டும்.

பாட்டில் டெஸ்டில் இது எதுவும் தெரியாது. பாட்டிலிலிருந்து போகிற டியூப் பம்பைத் தொடுவதே இல்லை. கெட்டுப்போன பாகத்தை விலக்கி வைத்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இன்று ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த கோளாறு எண்ணைப் பார்த்ததும் அதில் பெயர் வருகிற சென்சாரைக் கழற்றி வீசுகிற பையன்களும் இதைத்தான் செய்கிறார்கள். கருவி தான் தொட்ட இடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும்.

3. காதரும் முதலாளியும்

என் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தவர் காதர். பம்பு வேலையெல்லாம் அவர் கையில். மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேன். "பாய், மில்லுக்காரர் வண்டிக்கு டயாபிரம் மாத்தினது நீங்கதானே?"

அவர் டிபன் கேரியரை மூடினார். "என்னை எதுவும் கேக்காத சவரி. எனக்கு மூணு பொம்பளைப் புள்ளைங்க."

அந்தப் பதிலே எனக்குப் போதுமாக இருந்தது.

மேனேஜரிடம் போய் நின்றேன். வண்டியை வரவழைத்து பம்பை ஒரு தடவை கழற்றிப் பார்க்கலாம் என்றேன். அவர் ஏதோ ஒரு ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "டிரைவர் சங்கத்துல சேந்துட்டியா?" என்றார்.

"இல்ல சார். ஆயில் ஏறுதுன்னு சொல்றாரு. பெட்ரோல் கலந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் போயிடும். அது மட்டும் இல்ல, உள்ள இருக்கிற ஆவி எங்கயாச்சும் தீப்பொறி பட்டா..."

"வண்டி ஓ.கே.ன்னு நான் சொல்லியாச்சு. ஒரு திருட்டுப் பயலுக்காக என் வார்த்தையை நான் மாத்திக்கணுமா? போய் வேலையைப் பாரு."

அன்று சாயங்காலம் நடேசன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. அவர் வராந்தாவில் நின்றபடியே பேசினார்.

"யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க. ஒரு தடவை ஆயிலை மட்டும் பாருங்க. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாத்தா ஒங்களுக்கே தெரியும்."

"என் வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்லி அவன் ஒனக்கு என்ன குடுத்தான்?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "இப்ப வண்டி யாரு ஓட்டுறாங்க? மைலேஜ் ஏறிடுச்சாங்க?"

"என் மச்சினன் ஓட்டுறான். அவன்கிட்ட நான் கணக்கு கேக்கிறதில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராஜமாணிக்கத்திடம் சொட்டுச் சொட்டாகக் கணக்குக் கேட்ட மனிதர் இவர். மச்சினனிடம் கேட்பதில்லையாம். கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே விளங்கியிருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் நான் சைக்கிளை மிதிக்கவில்லை, உதைத்துக்கொண்டு வந்தேன்.

4. கொள்ளிடப் பாலத்தில்

நான் பயந்தது நடந்தது. சில நாள் கழித்து, மண்ணச்சநல்லூரிலிருந்து திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜினில் டொக் டொக் என்று சத்தம் கேட்டதாகவும், ஆயில் பிரஷர் விளக்கு எரிந்ததாகவும், அப்படியே ஓட்டியதாகவும் மச்சினன் சொன்னார். ராஜமாணிக்கமாக இருந்தால் விளக்கு எரிந்த கணமே சாவியைத் திருப்பியிருப்பார்.

லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே நடேசனும் இன்னொரு காரில் வந்து இறங்கினார். மேனேஜர் பானெட்டுக்குள் தலையை நீட்டிய வேகத்தில் வெளியே எடுத்தார்.

"பேரிங் போச்சு சார். இன்ஜினை இறக்கணும். கிராங்க் கிரைண்டிங், ரீபோர், பிஸ்டன் செட், எல்லாம் பண்ணிடலாம். வண்டிக்கும் வயசாச்சுல்ல."

துளையை அடைத்த இடத்திலேயே இன்ஜினையும் இறக்கப் போகிறார்கள். அந்த நிமிஷம் எனக்குள் என்ன ஆயிற்று என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கும்பலை விலக்கிக்கொண்டு போய் டிப்ஸ்டிக்கை உருவினேன். குறிக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஆயில் தண்ணீர் மாதிரி ஓடிச் சொட்டியது. அதை அப்படியே நடேசனின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்க முதலாளி. ராஜமாணிக்கம் சட்டையை மோந்து பாத்தீங்கல்ல? இதையும் பாருங்க."

"சவரி!" என்று மேனேஜர் கத்தினார். "ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

நடேசன் குனிந்து மோந்தார். நெற்றி சுருங்கியது. "என்னய்யா இது, பெட்ரோல் வாடை அடிக்குது?"

"பெட்ரோல்தாங்க. ஒங்க மில்லுக்காரங்க முன்னாடி திருட்டுப் போச்சுன்னு சொன்ன பெட்ரோல்."

பம்பைக் கழற்றினேன். இரண்டு போல்ட்தான். வெளியே வெட்டவெளிக்கு எடுத்துப் போய், ஒரு டின்னில் பெட்ரோல் ஊற்றி, உறிஞ்சுகிற பக்கத்துக் குழாயை அதில் விட்டு, லீவரைக் கையால் அடித்தேன். நல்ல பம்பாக இருந்தால் மேல் குழாய் வழியாகத்தான் பெட்ரோல் பாயும். இது லீவர் பக்கமாகவே ஒழுகி என் முழங்கை வரை நனைத்தது. இன்ஜினுக்குள் இருக்க வேண்டிய பக்கம் அது. பிறகு பம்பைத் திருப்பி அதன் வயிற்றைக் காட்டினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான பசை பூசி, மேலே சில்வர் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

"டயாபிரம் கிழிஞ்சிருக்கு. மாத்தல. வெளிய சொட்டக் கூடாதுன்னு ஓட்டையை அடைச்சிருக்காங்க," என்றேன்.

"யாரு அடைச்சது?" என்றார் நடேசன்.

மேனேஜர் சட்டென்று, "மெக்கானிக் தப்பு சார். நான் விசாரிக்கிறேன்," என்றார்.

பின்னாலிருந்து காதரின் குரல் வந்தது. "விசாரிக்க வேணாம். நான்தான் அடைச்சேன். டயாபிரம் கிட் ஸ்டாக் இல்ல, அடைச்சு அனுப்பு, பில்லுல மாத்தினதாப் போட்டுக்கலாம்னு இந்த மேனேஜர் சார் சொன்னாரு. வேணாம் சார், உள்ள இறங்கிடும்னு சொன்னேன். கேக்கல." அவர் கும்பலை விலக்கி முன்னால் வந்தார். "பாட்டில் டெஸ்ட் அன்னைக்கும் இவருக்குத் தெரியும். பம்பைச் சேக்காம டெஸ்ட் பண்றோம்னு தெரிஞ்சேதான் பண்ணாரு."

5. பெஞ்சின் மேல் பம்பு

நடேசனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மேனேஜரைப் பார்த்துக் கத்தினார். "என் இன்ஜினை நாசம் பண்ணிட்டீங்களேய்யா! பாலத்துல தீப்பிடிச்சிருந்தா என் மச்சினன் கதி என்ன? இதுக்கெல்லாம் ஒரு பைசா தரமாட்டேன். எல்லாத்தையும் நீங்களே சரி பண்ணிக் குடுங்க!"

இன்ஜின், பாலம், மச்சினன், பைசா. காத்திருந்து பார்த்தேன். அடி வாங்கிய மனிதரின் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. மேனேஜரும் "ஃப்ரீயா பண்ணிடறோம் சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று சமாதானத்துக்கு வந்துவிட்டார். இருவருக்கும் கணக்கு நேராகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல நடேசன் வாட்சைப் பார்த்தார்.

"ராஜமாணிக்கம் சமாச்சாரம் என்னங்க?" என்றேன்.

"அதான் தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு."

"லைசென்ஸ் ஸ்டேஷன்ல இருக்குங்க."

"பாத்துக்கலாம்யா. முதல்ல வண்டியைப் பாரு."

நான் பம்பைக் கொண்டுபோய் என் பெஞ்சின் மேல் வைத்தேன். "இது இங்கேயே இருக்கட்டும் முதலாளி. நீங்க போய் லைசென்சை வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் வேலையைத் தொடறேன்."

மேனேஜர் காதரைப் பார்த்து, "நீ மாட்டு அதை," என்றார். காதர் கையிலிருந்த வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை. பெயிண்ட் பூத்தில் இருந்தவர்களையும், லேத்தில் இருந்தவரையும் மேனேஜர் திரும்பிப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துக் கையில் தலைபோகிற வேலை இருந்தது.

நடேசனைக் கொண்டுவந்து விட்ட கார் அதற்குள் போய்விட்டிருந்தது. அவர் என்னை முறைத்துவிட்டு ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் எல்லாம் சிரிப்போடு முடிந்தது. இன்ஸ்பெக்டர் டிராயரை இழுத்து லைசென்சை எடுத்து மேஜையில் தள்ளினார். "அட, வண்டியில கோளாறா? சரி விடுங்க. டிரைவருங்கள நாலு தட்டு தட்டி வெச்சாத்தான் ஒழுங்கா இருப்பானுங்க," என்று எங்களுக்கு டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. நடேசன் குடித்தார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ராஜமாணிக்கத்தின் வீடு. நடேசன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் உள்ளே போய் லைசென்சைக் கொடுத்தேன். ராஜமாணிக்கம் அதைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"தண்ணி புடிக்கப் போனா பைப்படியில பேச்சு நின்னுடுதுங்க. பெரிய பொண்ணு ரெண்டு வாரமா ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குறா. இந்த லைசென்சை நான் ஒவ்வொரு வீடா கொண்டுபோய்க் காட்டவா?"

ராஜமாணிக்கம் எழுந்து ஆட்டோவுக்குப் போனார். நானும் போனேன்.

"நாளைக்குக் காலையில வந்துடு," என்றார் நடேசன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வரேங்க. நீங்க மில்லு வாசல்ல சொன்னீங்க. அங்கேயே, அதே ஆளுங்க முன்னாடி, தப்பு இல்லைன்னு சொல்லணும்."

"பெரிய பேச்செல்லாம் வேணாம் ராஜமாணிக்கம்."

"சின்னப் பேச்சுதாங்க. ஒரு வார்த்தை."

நடேசன் யோசித்தார். மனம் இளகி யோசித்தார் என்று நான் நம்பவில்லை. மச்சினன் இனி வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விஷயம் பரவி, திருவானைக்காவல் கார் ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவர் கேட்டால்கூட ஆள் கிடைக்கவில்லை. "சரி, பாக்கலாம்," என்றார்.

6. மில் வாசல்

ஆயிலை வடித்து, இன்ஜினுக்கு அடியிலிருக்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். நல்லவேளையாக கிராங்க் தப்பியிருந்தது. பேரிங் ஷெல் மட்டும் மாற்றினால் போதும் என்று ஆயிற்று. கிராங்க் கிரைண்டிங், ரீபோர், பிஸ்டன் செட் எதுவும் தேவைப்படவில்லை. காதர் பம்புக்குப் புது டயாபிரம் போட்டு, அந்தத் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ட்ரையல் ரன் என்று சொல்லி, ராஜமாணிக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே வண்டியை மண்ணச்சநல்லூருக்கு ஓட்டிப்போனேன். பாட்டில் கட்டவில்லை. டேங்க்கை முழுசாக நிரப்பிக்கொண்டு போய், திரும்பவும் நிரப்பிப் பார்த்தோம். ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலேயே கொடுத்தது.

மில் வாசலில் லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. களத்தில் பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நடேசன் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்து படியில் நின்று கையைத் தட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த ராஜமாணிக்கம் மேல தப்பு ஒண்ணும் இல்லையாம். வண்டியிலதான் கோளாறாம். சரி, போய் வேலையைப் பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினார். லோடுமேன்கள் மூட்டையைத் தோளுக்கு ஏற்றினார்கள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். என்ன இருந்தாலும் சொல்லிவிட்டாரே என்று ஒரு ஆறுதல்கூட வந்தது.

"முதலாளி, கொஞ்சம் இருங்க," என்றார் ராஜமாணிக்கம்.

நடேசன் நின்றார்.

"அது என்னங்க, 'இல்லையாம்'? யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி? அன்னைக்கு என் காலரைப் பிடிச்சுத் 'திருட்டுப் பய'ன்னீங்க. 'திருட்டுப் பயலாம்'னு சொல்லலியே."

மூட்டை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். களத்திலிருந்த ஒரு பெண் "அதானே" என்றது எல்லோருக்கும் கேட்டது. நடேசனின் கழுத்து சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார், லாரிக்காரர்களைப் பார்த்தார். ராஜமாணிக்கத்தைப் பார்க்க அவருக்கு நேரம் பிடித்தது.

"இல்லை," என்றார் கடைசியில். "ராஜமாணிக்கம் மேல தப்பு இல்லை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ராஜமாணிக்கம் என்னிடமிருந்து கார் சாவியை வாங்கினார். படியேறிப் போய் அதை நடேசனின் கையில் கொடுத்தார். "வரேங்க. வேற ஆளு பாத்துக்குங்க," என்றார். பஸ் ஸ்டாப்புக்கு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அவருக்குப் பிறகு ஒரு ஸ்கூல் வேன் கிடைத்தது. பல வருஷம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். மேனேஜர் தன் நாற்காலியிலேயே இருந்தார். என்னைத்தான் டியூனிங் பெஞ்சிலிருந்து எடுத்து கிரீஸ் அடிக்கும் பள்ளத்தில் இறக்கினார்கள். கொஞ்ச காலத்தில் நானும் காதரும் விலகி, உறையூரில் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். நியாயம் ஜெயித்தது என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடித்தவர்களில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். 'வண்டியில ஒண்ணும் இல்ல' என்று நாம் சொல்வது பாதி வாக்கியம். மிச்சப் பாதியை வண்டிக்காரர் தானாகப் போட்டுக்கொள்வார்: அப்படியானால் கோளாறு ஓட்டுகிறவனிடம் இருக்கிறது. அதனால் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் கழற்றிப் பார்க்காமல் விட்டது எது என்று உங்களையே கேளுங்கள். தெரியவில்லை என்றால், 'எனக்கு இன்னும் தெரியல' என்று சொல்லுங்கள். எதிரே நிற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அதற்காக ஸ்டேஷனில் யாரும் அடி வாங்க மாட்டார்கள்.